நெல்லூர்க் காளையும் டெக்சாஸ் கிடேரியும்

மகள் வீட்டுக்கு அமெரிக்கா போய் ஆறு மாதம் தங்கியவர்களுக்கு அங்கே பகல் பொழுது எப்படிக் கழியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காலை எட்டு மணிக்குப் பேரன் பள்ளிக்கூடப் பேருந்தில் ஏறிவிடுவான். மகளும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு காரில் கிளம்பிவிடுவார்கள். அப்புறம் மாலை வரை நானும் என் மனைவியும் ஜன்னலும்தான்.

2014-ல் ஹூஸ்டனில் அப்படி உட்கார்ந்திருந்த நாட்களில் ஒரு நாள் மாப்பிள்ளை வந்து, "மாமா, எங்கூட வேலை பார்க்கிறவரோட அப்பா மாடு வளர்க்கிறார். சனிக்கிழமை கிடேரி ஏலத்துக்குப் போறாராம். நீங்க மாட்டு டாக்டர்னு சொன்னேன். கூட்டிட்டு வாங்கன்னார்" என்றார்.

35 வருடம் மாட்டோடு காலம் தள்ளியவன் நான். சந்தை என்றால் விடுவேனா? வெள்ளிக்கிழமை ராத்திரியே சட்டையை எடுத்து வைத்துவிட்டேன்.

பெரிய தகரக் கொட்டகை. அதைச் சுற்றி இரும்புக் குழாய் அடைப்புகள். ஒவ்வொரு அடைப்பிலும் ஒரே வயது, ஒரே உயரத்தில் பத்துப் பத்துக் கிடேரிகள். நம் கண்ணபுரம் சந்தை போலத் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசும் தரகர்கள் இல்லை. மேடையில் ஒருவர் மூச்சு விடாமல் விலை கூவினார். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் மாடு புரிந்தது. கிட்டே போனதும் என் கண்ணில் முதலில் பட்டது திமில். அடுத்து கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடி. அப்புறம் நீண்ட காது. செம்பழுப்பு உடம்பில் புலிக்கு இருப்பது போலக் கறுப்புக் கோடுகள். முகம் மட்டும் வெள்ளை.

"இது என்ன ஜாதி?" என்று கேட்டேன். பெரியவர் "பிரேமர்" என்றார். பிரேமா என்று யாரோ ஒரு அம்மாளைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் புரிந்தது. பிராமன் என்பதைத்தான் அந்த ஊர்க்காரர்கள் அப்படி உச்சரிக்கிறார்கள். அப்பன் பிராமன், தாய் ஹெர்ஃபோர்டு என்ற ஆங்கிலேயச் சீமை மாடு. இரண்டும் சேர்ந்த முதல் கலப்புக் கிடேரிக்கு அவர்கள் வைத்த செல்லப் பெயர் புலிக்கோடு.

"உங்க நாட்டு மாடுதானே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார் அவர். தெரியும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் பரீட்சைக்காக ஒரு வரி நெட்டுருப் போட்டிருக்கிறேன். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருந்த கதையை அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகுதான் தேடிப் படித்தேன்.

தெற்கு டெக்சாஸ் நம் கொங்கு நாட்டு வானம் பார்த்த பூமிக்கு ஒரு வகையில் சொந்தம். வெயில், முள், உண்ணி மூன்றும் தாராளம். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து வந்த கொழுத்த மாடுகளை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். அவை பகலெல்லாம் நிழலில் நின்று மூச்சு வாங்கின. உண்ணிக் காய்ச்சல் வந்தும் செத்தன. டெக்சாஸ் காய்ச்சல் என்று பேர் வாங்கிய அந்த நோயை உண்ணிதான் பரப்புகிறது என்று தியோபால்டு ஸ்மித்தும் கில்போர்னும் 1893-ல் நிரூபித்தார்கள். ஒரு பூச்சி நோயைச் சுமந்து போய்க் கொடுக்கிறது என்று உறுதியான முதல் சில கண்டுபிடிப்புகளில் அது ஒன்று. கொசுவும் மலேரியாவும் அதற்கு அப்புறம்தான்.

ஆனால் திமில் மாட்டை உண்ணி அவ்வளவாக அண்டுவதில்லை என்று மாட்டுக்காரர்கள் கண்ணாலேயே கண்டுபிடித்திருந்தார்கள். லூயிசியானாவில் ரிச்சர்டு பாரோ என்ற பண்ணையாருக்கு 1854-ல் பிரிட்டிஷ் அரசு இரண்டு இந்தியக் காளைகளை அன்பளிப்பாகக் கொடுத்தது. இந்தியாவில் பருத்தியும் கரும்பும் பயிரிடப் போகிறவர்களுக்கு அவர் பயிற்சி கொடுத்ததற்கு நன்றிக்கடன் அது. அந்தக் காளைகளின் கன்றுகள் வெயிலுக்கும் உண்ணிக்கும் அசையவில்லை என்ற பேச்சு டெக்சாஸ் வரை பரவியது.

பிறகு ஒருவர் நேராக இந்தியாவுக்கே கப்பல் ஏறினார். 'ஷாங்காய்' பியர்ஸ் என்ற பெரிய பண்ணையாருக்கு இந்திய மாடு கொண்டுவர வேண்டும் என்ற ஆசை இருந்தது. நிறைவேறாமலே 1900-ல் இறந்துபோனார். அவருடைய மருமகன் உறவுக்காரர் ஏபல் போர்டன் அந்த ஆசையை முடித்து வைக்க இந்தியாவுக்கு வந்து, ஊர் ஊராகத் திரிந்து மாடு பிடித்தார். 1906-ல் கப்பல் நியூயார்க் போய்ச் சேர்ந்தது. கரையிறங்கும் முன் தனித்தீவில் அடைத்து இரத்தம் பார்த்தபோது சில மாடுகளுக்கு சர்ரா நோய் இருந்தது. அவற்றைக் கொன்றுவிட்டார்கள். கடைசியில் டெக்சாஸ் மண்ணை மிதித்தவை 30 காளைகள், 3 பசுக்கள்.

இதற்கிடையில் நம் ஓங்கோல் மாடு வேறு வழியில் போய்க்கொண்டிருந்தது. ஓங்கோலும் நெல்லூரும் அப்போது சென்னை மாகாணம். அங்கிருந்து வெளியேறிய மாட்டுக்குக் கடல் கடந்ததும் 'நெல்லூர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பிரேசில்காரர் வாயில் அது 'நெலோரே'. 1878-ல் லெம்குரூபர் என்ற பிரேசில்காரர் ஜெர்மனியில் ஹாம்பர்க் மிருகக்காட்சி சாலையில் ஒரு ஜோடியைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டு போனார். மிருகக்காட்சி சாலையில் வேடிக்கைக்கு நின்ற மாட்டின் இனம்தான் இன்று பிரேசில் மேய்ச்சல் நிலமெங்கும் நிற்கிறது. 1960-களிலும்கூட அவர்கள் விடவில்லை. ஓங்கோலுக்குப் பக்கத்து ஊரான கரவடியின் பெயரைத் தாங்கிய காளை ஒன்று அப்போது பிரேசில் போனது. அங்கே பதிவேட்டைப் புரட்டினால் அந்தக் காளையின் பேரன் பேத்திகளுக்குக் கணக்கே இல்லை.

பிரேசிலிலிருந்து குஜராத்தின் காங்கிரேஜ், கிர் மற்றும் நம் நெல்லூர் வகைக் காளைகள் 90, மெக்சிகோ வழியாக 1924-ல் டெக்சாஸ் வந்தன. அடுத்த ஆண்டு இன்னொரு கூட்டம் வந்தது. அதே 1924-ல் ஹூஸ்டனில் சங்கம் கூடி, சார்ட்வெல் என்பவர் சொன்ன 'பிராமன்' என்ற பெயரை வைத்தார்கள். இறைச்சிக்கு வளர்க்கும் மாட்டுக்கு இந்தப் பெயரா என்று நம்மவர்கள் முகம் சுளிக்கலாம். அவர்களுக்கு அது இந்தியாவைக் குறிக்கும் ஒரு சொல், அவ்வளவுதான்.

என்னைத் தூக்கிவாரிப் போட்ட கணக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவுக்குப் போனதாகப் பதிவான இந்திய வகை மாடுகள் மொத்தமே 300-க்குள். அதிலும் பெரும்பாலும் காளைகள். பசு இல்லாமல் எப்படி இனம் உண்டாக்கினார்கள்? உள்ளூர்ப் பசுவோடு சேர்த்துப் பாதி, அந்தக் கிடேரியை மறுபடி திமில் காளையோடு சேர்த்து முக்கால் என்று ஐந்து தலைமுறை ஏற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு கன்றையும் எழுதி வைத்தார்கள்.

அவர்களிடமிருந்து ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்கு 1933-ல் போனவை இருபதுக்கும் குறைவு. கெல்லி என்ற அரசாங்க விஞ்ஞானி தேர்ந்தெடுத்துக்கொண்டு போனார். சீமை இனம் வளர்ப்பவர்கள் எதிர்த்தார்கள், கேலி பேசினார்கள். இன்று வடக்கு ஆஸ்திரேலியாவில் திமில் இரத்தம் கலக்காத மாட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஏலக் கொட்டகைக்குத் திரும்புகிறேன். பெரியவர் ஒரு அடைப்பின் முன்னால் கம்பியில் கை வைத்துச் சும்மா நின்றார். ஐந்து நிமிடம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "மூலையில ஒண்ணு தலையைத் தூக்கி, காதை விறைச்சு, மத்ததுக்குப் பின்னாடியே சுத்திட்டு இருக்கு பாருங்க. அது வேண்டாம். வீட்டுக்குக் கொண்டுபோனா மொத்தக் கூட்டத்தையும் மிரள வைக்கும்." திமில் இரத்தம் உள்ள மாட்டுக்கு ஞாபகம் அதிகம். அடித்தால் கடைசி வரை மறக்காது. கையால் புண்ணாக்குக் கட்டி கொடுத்துப் பழக்கினால் நாய்க்குட்டி போலப் பின்னால் வரும். இதை ஒரு வெள்ளைக்காரர் எனக்குச் சொன்னபோது சிரிப்புதான் வந்தது. எங்கள் அப்பாவும் இதையேதான் சொல்வார்.

அவர் பார்த்த மற்றவற்றையும் சொல்கிறேன். கிடேரி வாங்கும் எவருக்கும் இது உதவும். தொப்புள் தோல் ரொம்பத் தொங்கக் கூடாது. முள்ளில் கிழியும். கண் இமை கறுத்திருக்க வேண்டும். வெள்ளை முக ஹெர்ஃபோர்டுக்கு வெயிலில் கண் புற்று வரும், கலப்பில் இமை கறுத்தால் அந்தத் தொல்லை குறைவு. வலது காதில் ஆரஞ்சு நிறத் தகடு இருக்கிறதா என்று பார்த்தார். கருச்சிதைவு நோய்க்குக் கன்றிலேயே தடுப்பூசி போட்டதற்கு அதுதான் அடையாளம். பத்துக் கிடேரியும் ஒரே பண்ணையில் பிறந்தவையா என்றும் கேட்டுக்கொண்டார்.

வளர்ப்பில் அவருக்கு இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, அவசரப்படக் கூடாது. சீமைக் கிடேரி 12, 14 மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும். திமில் கலந்தது பின்தங்கும், சுத்தத் திமில் மாடு ஒன்றரை, இரண்டு வருடம்கூட எடுத்துக்கொள்ளும். மாதக் கணக்கைப் பார்க்காமல், முழு எடையில் 60, 65 சதவீதம் வந்த பிறகே காளையிடம் விட வேண்டும். இரண்டாவது, முதல் ஈத்துக்குச் சிறிய கன்று போடும் இனத்துக் காளையைத்தான் விட வேண்டும். பிராமன் காளையைச் சீமைக் கிடேரிக்கு விட்டால் கன்று பெருத்துப்போய்ப் பிரசவம் சிக்கலாகும். அதையே திருப்பிப் போட்டு, பிராமன் பசுவுக்குச் சீமைக் காளை விட்டால் கன்று சின்னதாகப் பிறக்கும். இரண்டிலும் அதே பாதிப் பாதி இரத்தம்தான். ஆனால் எது அப்பன், எது தாய் என்பதைப் பொறுத்துக் கன்றின் அளவு மாறுகிறது. முதல் கன்று போட்ட தாயைத் தனியே பிரித்துத் தீனி கூட்டிக் கொடுக்காவிட்டால் மறு சினை பிடிப்பது தள்ளிப்போகும் என்றார். இது நம் ஊரிலும் தினமும் பார்ப்பதுதான்.

அன்று அந்தப் புலிக்கோட்டுக் கிடேரிகள் மற்றவற்றைவிடக் கூடுதல் விலைக்குப் போயின. உச்சி வெயிலில் சீமை மாடு நிழலுக்கு ஓடும்போது இது மேய்ந்துகொண்டிருக்கும். 12, 13 வயது வரை கன்று போடும். திரும்பி வரும் வழியில் நான் கேட்டேன்: "இவ்வளவு நல்ல கிடேரியா இருந்தா, இதுக்கும் இதே மாதிரிக் கலப்புக் காளையையே விட்டுப் பெருக்கிடலாமே?"

அவர் தலையாட்டினார். "அடுத்த தலைமுறையில இந்தத் தெம்பு பாதி போயிடும். ஒண்ணு அப்பனைப் போல, ஒண்ணு பாட்டியைப் போல, ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கும். இந்தக் கிடேரி திரும்ப வேணும்னா மறுபடி சுத்தமான பிராமன்கிட்டயும் சுத்தமான ஹெர்ஃபோர்டுகிட்டயும்தான் போகணும். அதனாலதான் எங்க பக்கத்துப் பண்ணைக்காரர் மூணு தலைமுறையா சுத்தப் பிராமன் மட்டும் வச்சிருக்கார். அவர் விட்டுட்டா என் தொழிலும் போச்சு."

கலப்பையே ஒரு புது இனமாக நிலைநிறுத்தவும் முடியும். டெக்சாஸிலேயே கிங் பண்ணைக்காரர்கள் செய்தார்கள். 1920-ல் பிறந்த மங்கி என்ற காளையிலிருந்து தொடங்கி, எட்டில் மூன்று பங்கு திமில் இரத்தத்தோடு சான்டா கெர்ட்ரூடிஸ் என்ற இனத்தை உண்டாக்கினார்கள். அரசாங்கம் அதை இனமாக ஏற்றது 1940-ல். ஆயிரக்கணக்கான மாடும், இருபது வருடப் பொறுமையும், விடாத கணக்குப் புத்தகமும் இருந்தால் அந்த வழி. நம்மிடம் இரண்டு மாடு வைத்திருக்கும் குடியானவனுக்கு அது ஆகுமா?

அவர் பதில் என்னை அன்றிரவு தூங்க விடவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தது 1971-ல். கொங்குச் சீமையில் வெள்ளகோவில், தாராபுரம் வட்டாரத்தில் பல வருடம் இருந்தேன். நாட்டுப் பசுவுக்கு ஜெர்சி சினை ஊசி போடுவதும், ஊரில் திரியும் நாட்டுக் காளைகளைக் காயடிப்பதும் என் வேலை. இரண்டுக்கும் மாதக் கணக்கு உண்டு. ஊசி போட்ட பசுவை ஊர்க்காளை ஏறிவிட்டால் எல்லாம் வீண் என்பது விதி. அந்த விதியில் தப்பில்லை. நோஞ்சான் காளைகள் நிறையத் திரிந்தன.

1978 என்று நினைவு. கொழுக்கட்டைப் புல் கொறங்காட்டில் ஒரு பெரியவர் காங்கேயம் பூச்சிக்காளை வைத்திருந்தார். நல்ல திமில், குட்டைக் கொம்பு, கழுத்துக் கறுப்பு. பாலுக்காக மருமகள் ஜெர்சிக் கலப்பு கட்டிவிட்டாள், இனி இதை வண்டிக்குப் பழக்கிக்கொள்ளலாம் என்று அவரே காயடிக்கச் சொன்னார். நான் பர்டிசோ இடுக்கியை எடுத்தபோது, "ஏனுங்க டாக்டரு, இவனையும் அடிச்சுப் போட்டா, நாளைக்கு வேணும்னா எங்கீங்க போறது?" என்றார்.

"கவலைப்படாதீங்க பெரியவரே, எங்ககிட்ட ஊசி இருக்கு" என்று சொன்னேன். அடித்தேன். அந்த மாதக் கணக்கில் ஒன்று ஏறியது.

ஊசி இருந்தது உண்மை. ஆனால் என் பெட்டியில் இருந்த குச்சிகளில் பெரும்பாலும் ஜெர்சிதான். காங்கேயம் குச்சி கேட்டவரும் இல்லை, நான் கேட்டு வாங்கி வைத்ததும் இல்லை.

ஜெர்சியைத் திட்டி எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த முதல் கலப்புப் பசுதான் எத்தனையோ வீட்டில் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டியது. ஒன்றரை லிட்டர் கறந்த இடத்தில் ஏழெட்டு லிட்டர் கறந்தது. வெயிலையும் ஓரளவு தாங்கியது, ஏனென்றால் பாதி நம் இரத்தம். தப்பு அதற்கு அடுத்த படியில் நடந்தது. கலப்புக்கு மறுபடி ஜெர்சி, அதன் மகளுக்கு மறுபடி ஜெர்சி என்று போட்டுக்கொண்டே போனோம். சமவெளியில் பாதியோ அதற்குச் சற்று மேலோ போதும் என்று புத்தகத்தில் இருந்தது. ஆனால் எந்தப் பசுவுக்கு எவ்வளவு கலப்பு என்று யாரிடம் சீட்டு இருந்தது? காது நீளத்தையும் திமிலையும் பார்த்துக் குத்துமதிப்பாகப் போடுவோம். திமில் மறைந்துகொண்டே வந்தது.

ஒரு சித்திரை மாதம் கணவனை இழந்த ஒரு அம்மாளின் பசுவுக்குக் கூப்பிட்டார்கள். தகரக் கூரைக்குக் கீழே, நாக்கை வெளியே தள்ளி, நாய் போல இளைத்துக்கொண்டிருந்தது. தெர்மாமீட்டர் 107-ஐத் தாண்டியது. தண்ணீர் ஊற்றினோம், குளுக்கோஸ் ஏற்றினேன். பொழுது சாயும் முன் போய்விட்டது. அந்தப் பசு நான் போட்ட ஊசியில் பிறந்தது. அதன் தாயும் நான் போட்ட ஊசிதான். அந்த அம்மாள் என்னைக் குறை சொல்லவில்லை. "நாங்க வச்சது அவ்வளவுதானுங்க" என்றார். மூன்று பக்கம் காற்றோட்டமில்லாத தகரக் கொட்டகையும் காரணம்தான். ஆனால் எனக்குத் தெரியும்.

பாளையக்கோட்டைப் பட்டக்காரர் போன்றவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துக் காங்கேயம் இனத்தை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்கள். கடல் கடந்து போன 300 மாட்டை வைத்துக்கொண்டு அமெரிக்கர்கள் கணக்கு எழுதியபோது, நம் கொறங்காடுகளில் அதைவிட நல்ல மாடு ஆயிரக்கணக்கில் நின்றது. அதனாலேயே தீராது என்று நினைத்துவிட்டோம். கலப்பு என்பது இரண்டு பானையிலிருந்து எடுத்துச் சேர்ப்பது. ஒரு பானை காலியானால் அப்புறம் கலக்க ஒன்றுமில்லை. இதைப் படித்துப் பட்டம் வாங்கிய எனக்கு, டெக்சாஸில் ஒரு விவசாயி காரில் போகும்போது சொல்ல வேண்டியிருந்தது.

ஊர் திரும்பியதும் அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். அவர் காலமாகிப் பல வருடம் ஆகிவிட்டது. பேரன் இருந்தான். இரண்டு ஜெர்சிக் கலப்பு கட்டியிருந்தான். தாத்தாவின் காளைப் படம்கூட இல்லை என்றான். நான் நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவன், "அப்ப ஒரு காங்கேயம் கிடேரி புடிச்சுக் குடுங்க டாக்டருங்க. ரெண்டு ஜெர்சி பால் வருது, அது ஒண்ணு நிக்கட்டும்" என்றான்.

2015-ல் கண்ணபுரம் சந்தைக்கு இருவரும் போனோம். சுழி பார்க்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் டெக்சாஸ் பெரியவரைப் போல ஓரமாக ஐந்து நிமிடம் சும்மா நின்றேன். தலையைத் தூக்காமல், காதைத் தொங்கவிட்டு அசைபோட்டுக்கொண்டிருந்த ஒரு மயிலைக் கிடேரியைக் காட்டினேன். பருவத்துக்கு வர இரண்டரை வயது ஆயிற்று. அவசரப்படுத்தவில்லை. காளைக்கு மட்டும் வண்டி வைத்து 18 கிலோமீட்டர் கொண்டுபோக வேண்டியிருந்தது. முன்பெல்லாம் ஊருக்கு ஊர் நின்றது.

இரண்டாவது ஈத்து காளைக்கன்று. போனில் கூப்பிட்டுச் சொன்னான். ஒரு வயதானதும் வண்டிக்கு நல்ல விலை கேட்டு வந்தார்கள், காயடித்துக் கொடுக்கலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். இப்போது சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் பசுவை அங்கே ஓட்டிக்கொண்டு வருகிறார்கள்.